புதுப்பிப்பு: மஹரகமவுக்குக் கூடப் போக ஒரு ஆள் கிடைச்சிட்டாங்க

போன மாசம் கேட்டிருந்தேனே, கொட்டாஞ்சேனையில எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்புப் புற்றுநோய் எண்டு சொல்லிட்டாங்க, சிங்களம் தெரியாது, தனியப் போகப் பயம், இதைத் தாண்டி வந்த யாராவது கூட வருவீங்களா எண்டு. வந்தாங்க! மட்டக்குளி ரீச்சர் ஒராள், ஆறு வருஷத்துக்கு முந்தி அதே வருத்தம்.

விடியக்காலம் புறக்கோட்டையில 138 பஸ் எடுத்து மூண்டு பேருமா மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனம். அக்கா வழி முழுக்க வாயே திறக்கேல்ல, பிறகு ஓபிடி வாங்கில இருக்கேக்க "முடி எல்லாம் போயிடுமா மிஸ்"னு கேட்டா, ரீச்சர் ஒண்டும் சொல்லாம தன்ட கொண்டையை அவிழ்த்து, திரும்ப வளந்த முடியை அக்காட கையில வச்சாங்க. எனக்குக் கண் கலங்கிட்டுது.

டொக்டர் சொன்னதெல்லாம் ரீச்சர் ஒரு சிஆர் கொப்பியில தமிழில எழுதிக் குடுத்தாங்க. கீமோ தொடங்க முந்திப் பல்லைக் காட்டணும், காய்ச்சல் 38 டிகிரி தாண்டினா விடியட்டும் எண்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும், அது ரெண்டுக்கும் சிவப்புப் பேனையால கோடு.

இப்பிடி நோயாளிக்கு வழிகாட்டுற முறையை 1990ல நியூயோர்க் ஹார்லமில டொக்டர் ஹரோல்ட் ஃப்ரீமன் ஏழைச் சனத்துக்காகத்தான் தொடங்கினவர். எங்கட பக்கமும் இது கட்டாயம் வேணும்.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை, ரீச்சர் வாறாங்க.