மூன்று லேப், மூன்று விதமான எண்கள்: பிழை கருவியிலா, கையிலா?

நிலா_ஆய்வு:
வணக்கம். அண்மை அகச்சிவப்பு ஒளியை முன்கையில் செலுத்தித் திசுவில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் வேலை, பிஎச்டி இரண்டாம் வருடம். வெளிநாட்டு லேப் இரண்டோடு சேர்ந்து செய்கிறோம். அவரவர் ஊரில் அவரவர் ஆட்களை அளந்து தரவை ஒன்றாகப் போட்டால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் அளவு மூன்று இடத்திலும் மூன்று விதமாக வருகிறது, அதில் எவ்வளவு கருவியால், எவ்வளவு மனிதர்களால் என்று பிரிக்கவே முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

பால்வெளி77:
முதலில் மனிதக் கையை விட்டுவிடுங்கள். மூன்று லேபும் ஒரே பொருளை அளந்தீர்களா? திசு மாதிரிக் கட்டிகளை, அதான் ஃபேன்டம், பார்சலில் சுற்றுக்கு விடுங்கள். ஐரோப்பாவில் மெட்ஃபாட் திட்டத்தில் இப்படித்தான் செய்தார்கள், 2005இல் கட்டுரையாக வந்தது. எப்பாக்சி பிசினில் ஒளியைச் சிதறடிக்க டைட்டானியம் டையாக்சைடு, உறிஞ்சுவதற்கு ஜெராக்ஸ் மெஷினில் போடுகிறோமே அந்தக் கருப்பு டோனர் பொடி. சிதறல் 4 அளவு, உறிஞ்சல் 8 அளவு, ஆக 32 கட்டிகள். ஒரு கட்டியிலிருந்து அடுத்த கட்டிக்கு உறிஞ்சல் ஏறும்போது உங்கள் கருவியின் எண்ணும் அதே வீதத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும்.

செலவு தாங்காது என்றால் இன்ட்ராலிபிட். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்புக் கலவைதான், பார்க்கப் பால் மாதிரி இருக்கும். தண்ணீரில் கலந்து ஒளியை உறிஞ்ச இந்தியன் இங்க் என்ற கருப்பு மையைச் சொட்டு சொட்டாக விட்டு அளக்கலாம். ஆனால் மை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் ஒரே புட்டியிலிருந்து மூன்று லேபும் பிரித்துக்கொள்ளுங்கள்.

தாமரைக்குளம்:
மேலே சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். தோலின் நிறத்தைக் குறித்து வைத்தீர்களா? 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கண்டுகொள்ளாமல் விட்ட ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. மூச்சுத் திணறும் ஒருவருக்கு மெஷின் 'எல்லாம் சரி' என்று காட்டினால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அண்மை அகச்சிவப்பில் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆனாலும் பூஜ்யம் இல்லை. எங்கள் ஊர்க் கைகளும் அந்தத் தரவில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாதிரிக் கூட்டு வேலை எனக்கு முக்கியம். வித்தியாசமாக வருகிறது என்று யாராவது உங்கள் ஆட்களை நீக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பால்வெளி77:
ஒன்று விட்டுப்போச்சு: ப்ரோபை, அதான் கருவியில் தோல்மேல் வைக்கும் பகுதியை, எவ்வளவு அழுத்துகிறீர்கள்? இறுக்கிக் கட்டினால் அடியில் ரத்தம் விலகிவிடும், ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும்.

நிலா_ஆய்வு:
நாங்கள் வெல்க்ரோ பட்டையில் இறுக்கிக் கட்டுகிறோம், எடுத்தால் தோலில் தடம் பதிந்திருக்கும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று இதுவரை கேட்டதே இல்லை, இன்றைக்கே மெயில் போடுகிறேன். தோல் நிறமும் குறித்து வைக்கவில்லை, அதற்காக எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான். ரொம்ப நன்றி.