புதுப்பிப்பு: கரண்ட் போனால் வைஃபை போகும் பிரச்சினை தீர்ந்தது

கன்னங்குறிச்சியில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன், கரண்ட் போனதும் கிளையன்ட் கால் பாதியில் அறுந்துவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது, ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் சின்ன பேட்டரி பெட்டி) வாங்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான்.

முதலில் வாங்கியது 12 வோல்ட், 1 ஆம்பியர். ரவுட்டரில் லைட் எரிந்தது, ஆனால் நெட் வரவில்லை. ஃபைபர் வந்து சேரும் பெட்டி எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறது. அதற்கும் கரண்ட் வேண்டும். இரண்டின் அடாப்டரிலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தது. சேர்த்தால் 2 ஆம்பியர். அதனால் முதல் யுபிஎஸ்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 12 வோல்ட் 3 ஆம்பியர் யுபிஎஸ்ஸும் இரண்டாகப் பிரியும் ஒயரும் வாங்கினேன். ஒயர் முனையில் இருக்கும் பின்னின் உள்விட்டம் 2.1 மிமீயா, 2.5 மிமீயா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போது இரண்டு மணி நேரம் தாங்குகிறது. பராமரிப்புக்காக நாள் முழுக்க நிறுத்தும்போது மட்டும் போன் ஹாட்ஸ்பாட்.

எதிர்பாராதது, ஃபேன் நின்றதும் பாப்பா விழித்துக்கொள்கிறாள். சார்ஜ் ஃபேன் ஒன்றைத் தூளிப் பக்கம் வைத்தேன். நேற்று கிளையன்ட் கால் முடியும்வரை நன்றாகத் தூங்கினாள்.