பொருள்: ஓடுபாதையின் திரெஷோல்டு, திங்கட்குள் ஒரு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். சிறு விமானம் ஓட்டப் பயில்பவர்களின் தரைவகுப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. ரன்வே ஓடுபாதை ஆகிவிட்டது. திரெஷோல்டில் மாட்டிக்கொண்டேன். தரையிறங்கத் தகுந்த பகுதி தொடங்கும் இடம் அது. நீளவாக்கில் வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்கள்: 30 மீட்டர் அகலப் பாதைக்கு 8, 45 மீட்டருக்கு 12. பள்ளி இயற்பியலில் 'பயன்தொடக்கம்' என்கிறார்கள்; இங்கே சகிக்கவில்லை. 'வாயில்' போடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து:
வாயில் என்பது 'இல்வாய்' முன்பின் மாறிய இலக்கணப்போலி. பொட்டல்வெளியில் இல் ஏது? 'கடை' இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? 'அறன்கடை நின்றாருள் எல்லாம் பிறன்கடை நின்றாரின் பேதையார் இல்': இரண்டாவது கடை வாசல்தான். முடிவுக்கும் கடை என்றே பெயர். புழக்கடையும் புழைக்கடையே. ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் தரும் பட்டியலிலும் 'இடை கடை தலை' உண்டு. சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்ற எண், மறுமுனையில் 25. 07 பக்கமாக இறங்குபவருக்கு அந்த முனை வாசல். எதிரே 25-இல் இறங்கி ஓடிவருபவருக்கு அதுவே முடிவு. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறதே! 'ஓடுகடை' என்க.

கோவையிலிருந்து:
ஐயா, விளக்கம் அருமை. ஆனால் ஓடுகடை என்றால் என் மாணவன் டீ கிடைக்குமா என்று கேட்பான். பறக்கக் கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அவசரம் டிஸ்பிளேஸ்டு திரெஷோல்டுக்குத்தான். வரும் வழியில் மரமோ கட்டடமோ இருந்தால் திரெஷோல்டை உள்ளே நகர்த்திவிடுவார்கள். அதற்கு முன்னால் நல்ல தார் கிடக்கும், வெள்ளை அம்புக்குறிகளோடு. அங்கே விமானத்தைத் தரையில் மெல்ல ஓட்டிச் செல்லலாம், கிளம்ப ஓடலாம், எதிர்ப்பக்கமிருந்து இறங்கி உருண்டு வந்து நிற்கலாம். இந்தப் பக்கமிருந்து இறங்கும்போது மட்டும் சக்கரம் படக்கூடாது. 'இவ்வளவு தார் வீணாகிறதே' என்று பையன் சீக்கிரமே இறக்கப் பார்ப்பான். அவன் தாழ்ந்து வரும் வழியில்தான் அந்த மரம் நிற்கிறது. (அம்புக்குறிக்குப் பதில் மஞ்சள் கூர்முனைக் கோடுகள் இருந்தால் அது ஓடுபாதையே இல்லை. கிளம்பவும் ஆகாது, இறங்கவும் ஆகாது.)

மதுரையிலிருந்து:
அப்படியானால் 'இடம்பெயர்ந்த வாசல்'?

யாழ்ப்பாணத்திலிருந்து:
தங்கச்சி, அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முகாமும் நிவாரண அட்டையும்தான் ஞாபகம் வரும். ஓடுபாதைக்கு அதைப் போடாதேங்கோ. 'தள்ளிவைத்த வாசல்' சரிவராதோ?

பாளையங்கோட்டையிலிருந்து:
ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது போல் இருக்கிறது. 'உட்கடை' என்றால் என்ன குறைந்துவிடும்? புரியவில்லை என்று ஒதுக்கினால் எந்தச் சொல்தான் புழக்கத்துக்கு வரும்?

கோவையிலிருந்து:
உங்கள் 'உள்' மட்டும் போதும் ஐயா. வகுப்பில் நான் 'உள்வாசல்' என்கிறேன். அம்புக்குறிப் பகுதியைத் திண்ணை என்பேன். திண்ணையிலிருந்து எழுந்து கிளம்பலாம், வெளியிலிருந்து வந்து அதன்மேல் குதிக்கக்கூடாது. ஒரு தடவை சொன்னால் மறப்பதில்லை. ரேடியோவில் எப்படியும் ஆங்கிலம்தான்; தமிழ்ச்சொல் புரிந்துகொள்ளத்தானே?

யாழ்ப்பாணத்திலிருந்து:
உள்வாசலுக்கு என் வாக்கு. திண்ணையையும் கட்டாயம் போடுங்கோ.

மதுரையிலிருந்து:
சரி, நேரமில்லை. திரெஷோல்டு: வாசல். டிஸ்பிளேஸ்டு திரெஷோல்டு: உள்வாசல். திண்ணை விளக்கத்தில் வருகிறது. முதல் முறை வரும் இடத்தில் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும். பாளையங்கோட்டை ஐயாவுக்காகக் 'கடை'யைப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து:
பின்னிணைப்பிலா? அதுவும் கடைதான், நன்றி. ஆனால் திண்ணை கட்டிவிட்டீர்கள், வாசலும் வைத்துவிட்டீர்கள். இல் எங்கே என்ற என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.