அப்பாவின் மீசை எங்கே?

குழு: கீழத்தெரு குடும்பம்

முரளி, காலை 9:12
அப்பாவின் எண்பதாம் கல்யாணப் பேனருக்குப் படம் தயார். ஆயில் பெயிண்டிங் மாதிரி செய்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 📷

அனிதா, 9:15
அண்ணா, அப்பாவின் மீசை எங்கே?

அனிதா, 9:16
அம்மாவிடம் காட்டினேன். "யாருடா இது?" என்கிறார் 😂

முரளி, 9:18
ஃபில்டர் போட்டதும் கன்னத்தோடு கலந்துவிட்டது. நேற்று ராத்திரி ஒரு மணி வரை இதோடுதான் மல்லுக்கட்டினேன்.

கவின், 9:24
சித்தப்பா, எதில் செய்தீர்கள்?

முரளி, 9:25
கிம்ப்தான், அந்த இலவசப் பட எடிட்டர். அதில் நீ சொன்ன ஜிமிக் பிளக்-இன், கூடுதல் ஃபில்டர் தரும் இணைப்பு. ஐந்நூறுக்கு மேல் ஃபில்டர் இருக்கிறதே, எதை விடுவது?

அனிதா, 9:27
எனக்கு அந்த மெனுவே வரவில்லையே கவின்.

கவின், 9:30
உங்களிடம் கிம்ப் 3 இருக்கும் அத்தை. பழைய 2.10 பதிப்புக்குச் செய்த பிளக்-இன் அதில் ஓடாது. 2025 மார்ச்சில் 3.0 வந்தபோது உள்ளமைப்பு மாறிவிட்டது. 3-க்கான ஜிமிக்கைத் தனியாக இறக்கிப் போடுங்கள். கிம்பை மூடித் திறந்தால் ஃபில்டர்ஸ் மெனுவின் அடியில் வரும்.

முரளி, 9:33
பேனர் கடைத் தம்பி போட்டோஷாப்புக்கு நிக் கலெக்‌ஷன் என்ற ஃபில்டர் தொகுப்பின் கிராக், அதாவது திருட்டுப் பிரதி, தருகிறேன் என்கிறான். வாங்கட்டுமா?

கவின், 9:37
வேண்டவே வேண்டாம். நிக்கை கூகுள் 2016-இல் இலவசமாகக் கொடுத்தது உண்மைதான். 2017-இல் டிஎக்ஸ்ஓ நிறுவனம் வாங்கிக்கொண்டது, இப்போது காசு. கல்லூரியில் படிக்கும்போது ஒருவன் தந்த கிராக்கைப் போட்டு ஹார்ட் டிஸ்க்கே பூட்டிக்கொண்டது. அக்காவின் வளைகாப்புப் படமெல்லாம் அதோடு போச்சு.

அனிதா, 9:38
ஓஹோ! அதனால்தான் படம் கேட்டபோதெல்லாம் மழுப்பினாயா?

கவின், 9:39
🙏 அத்தை, அதைப் பிறகு பேசுவோம்.

கவின், 9:46
சித்தப்பா, ஃபில்டரை மூலப்படத்தின் மேலேயே போட்டிருக்கிறீர்கள். ஜிமிக் சன்னலில் வெளியீட்டைப் புதிய லேயர், அதாவது தனி அடுக்கு, என்று மாற்றுங்கள். பழைய படம் அடியில் அப்படியே இருக்கும். மேல் லேயருக்கு வெள்ளை மாஸ்க் (கறுப்பு தடவிய இடத்தை மறைக்கும் திரை) போட்டு, ஓரம் மிருதுவான பிரஷில் கறுப்பை எடுத்து, கண்ணிலும் மீசையிலும் லேசாகத் தடவுங்கள். அந்த இடத்தில் மட்டும் தாத்தாவின் அசல் முகம் எட்டிப்பார்க்கும். சட்டை, சால்வை, பின்னால் இருக்கும் வேப்பமரம் எல்லாம் பெயிண்டிங்காகவே இருக்கட்டும். அது நன்றாகத்தான் வந்திருக்கிறது.

கவின், 9:48
இன்னொன்று. பேனர் அளவுக்குப் பெரிதாக்கிய பிறகுதான் ஃபில்டர் போட வேண்டும். பிரஷ் கோடெல்லாம் பிக்ஸல் கணக்கு. சின்னப் படத்தில் போட்டுவிட்டு அப்புறம் இழுத்தால் கோடு கோடாகப் பிசிறும்.

முரளி, 9:50
அது 1974-இல் ஸ்டுடியோவில் எடுத்தது, ஸ்கேன் செய்ததும் மங்கலாகிவிட்டது. அதை மறைக்கத்தானே பெயிண்டிங்!

கவின், 9:51
அந்த யோசனை சரிதான் சித்தப்பா. முகத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

முரளி, 11:40
📷 இப்போது?

அனிதா, 11:42
மீசை வந்துவிட்டது! அம்மா கண் கலங்கிவிட்டார்.

முரளி, 11:43
அப்பாடா. கடைக்கு அனுப்பிவிட்டேன்.

அனிதா, 11:47
அண்ணா, "முத்து விழா" என்பதில் து-வுக்குப் பதில் த என்று இருக்கிறதே.

முரளி, 11:48
கடைக்காரரைக் கூப்பிடுகிறேன். யாரும் அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

அனிதா, 11:49
அப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.