ப்ளூ கார்டிலிருந்து நிரந்தர அனுமதி: அப்பாவுக்காக எட்டு மாதம் ஊருக்குப் போகலாமா?

காவிரிக்கரையாள் கேட்டது:

வணக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறோம். 2020 மார்ச் தொடக்கத்தில் ப்ளூ கார்டில், அதாவது உயர்திறன் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதியில், வந்தேன். நான் வந்து இறங்கிய சில நாட்களிலேயே கொரோனாவுக்காக எல்லைகளை மூடினார்கள். கணவர் 2022-இல் குடும்ப விசாவில் வந்தார். ஒரு கிடங்கில் வாரம் 25 மணி நேரம் வேலை செய்கிறார். மகன் இந்தச் செப்டம்பரில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான்.

ஆகஸ்டில் மன்னார்குடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, அவரைத் தூக்கி உட்கார வைக்க அவளால் முடியாது. நான் ஒரே பிள்ளை. அலுவலகத்தில் கேட்டேன், ஜனவரி முதல் எட்டு மாதம் சம்பளமில்லா விடுப்புத் தருகிறார்கள். கணவரும் மகனும் இங்கேயே இருப்பார்கள்.

நிரந்தர அனுமதிக்கு, அதாவது நீடர்லாசுங்குக்கு, அடுத்த மாதம் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்ச்சி இருக்கிறது. 'ஜெர்மனியில் வாழ்க்கை' தேர்வில் 33-க்கு 32 எடுத்தேன். ஓய்வூதியப் பங்களிப்பு 67 மாதங்கள். 21 மாதத்திலேயே விண்ணப்பித்திருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். குழந்தை, வேலை, வீடு மாற்றம் என்று தள்ளிப் போட்டுவிட்டேன்.

உடன் வேலை செய்பவர் ஒருவர், "அனுமதியை வாங்கிக்கொண்டு போ, அதற்குப் பிறகு உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். அது உண்மையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அப்பா தினமும் வீடியோவில் என் முகத்தைப் பார்த்து இடது கையை உயர்த்துகிறார். எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை.

மைன்நதியான் எழுதியது:

கவலையே வேண்டாம். நிரந்தர அனுமதி என்றால் நிரந்தரம்தான். மனதுக்குச் சஞ்சலமாக இருந்தால் நடுவில் ஒரு வாரம் இங்கே வந்துவிட்டுத் திரும்பிப் போங்கள்.

நெல்லைக்காரன் எழுதியது:

சகோதரி, மேலே உள்ள பதிலை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அதே நம்பிக்கையில் ஊருக்குப் போய் அனுமதியைத் தொலைத்தவன் நான்.

அன்றைய ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரின் அரசு கணினித் துறையினருக்காகக் கொண்டுவந்த 'கிரீன் கார்டு' திட்டத்தில் 2001-இல் வந்தேன். 2006-இல் நீடர்லாசுங் கிடைத்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் 'காலவரம்பற்றது' என்று அச்சிட்டிருந்தார்கள். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வெளியே இருந்துவிட்டு வரலாம் என்று அதற்குப் பொருள் கொண்டேன். 2009-இல் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஐந்தாவது மாத முடிவில் திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அம்மா நினைவு தப்பினாள். டிக்கெட்டை ரத்து செய்தேன். அவள் போய், காரியம் முடிந்து நான் கிளம்பியபோது ஆறு மாதமும் 19 நாட்களும் ஆகியிருந்தன.

விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டின் முத்திரைகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். கடுமையாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுச் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் எண்ணமில்லை. விதியைச் சரியாகத் தெரிந்துகொண்டு நீங்கள் போகவேண்டும், அப்பாவின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

குடியிருப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவைப் படியுங்கள். நாட்டை விட்டு வெளியேறி ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் நீடர்லாசுங் தானாகவே இறந்துவிடும். கடிதம் வராது, விசாரணை கிடையாது. நீங்கள் ஊரில் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண நாளில் அது முடிந்துபோகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: தற்காலிகம் அல்லாத காரணத்துக்காக வெளியேறினால் ஆறு மாதம்கூடக் கிடையாது, வெளியேறிய அன்றே போய்விடும். அதனால்தான் 'நடுவில் ஒரு வாரம்' என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இங்கே வாழ்க்கையைச் சுருட்டிக்கொண்டு போனதாகத் தெரிந்தால் அந்த ஒரு வாரம் காப்பாற்றாது.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. ப்ளூ கார்டுக்கு இந்தக் கெடு 12 மாதம். இப்போது உங்கள் கையில் இருக்கும் கார்டுக்கு ஓராண்டு அவகாசம். அடுத்த மாதம் நீடர்லாசுங் வாங்கினால் அது ஆறு மாதமாகக் குறைந்துவிடும். உயர்ந்த அனுமதிக்குக் குறைந்த அவகாசம். உங்களுடன் வேலை செய்பவர் சொன்னது தலைகீழ்.

ஆகவே அடுத்த மாதம் போகும்போது இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஒன்று நீடர்லாசுங், கட்டணம் 113 யூரோ. மற்றொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி, 'டௌவர்-அவுஃபென்ட்ஹால்ட்' என்பார்கள், கட்டணம் 109 யூரோ. ஐந்து ஆண்டு முடிந்துவிட்டதால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்திருக்கலாம் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்துவிட்டது, ஒன்றைத்தான் தருவோம் என்று சொன்னால் பணிவாக அதைச் சொல்லுங்கள். இந்த ஐரோப்பிய அனுமதி இருந்தால் ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் இருக்கலாம். முன்பு ப்ளூ கார்டு வைத்திருந்தவர்களுக்கு 24 மாதம்.

அடுத்தது, நான் எழுதாமல் விட்ட கடிதம். ஆறு மாதத்தைவிட நீண்ட கெடுவை வெளிநாட்டவர் அலுவலகம் நிர்ணயித்துத் தரலாம் என்று அதே 51-ஆம் பிரிவு சொல்கிறது. புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள். அப்பாவின் மருத்துவச் சான்று, அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, விடுப்பு முடியும் தேதி போட்ட அலுவலகக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், மகனின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் இணையுங்கள். திரும்பி வருவேன் என்பதற்கு உங்கள் மகனைவிடப் பெரிய சான்று வேண்டாம். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னதை எந்த எல்லை அதிகாரியும் ஏற்கமாட்டார். நகராட்சியில் முகவரிப் பதிவையும் நீக்கிவிடாதீர்கள்.

ஜனவரிக்குள் எதுவும் கைக்கு வராவிட்டால், விடுப்பைப் பற்றி வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு ப்ளூ கார்டோடு போகலாம். அதன் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் புது வேலை விசா வாங்க நான்கு மாதம் ஆயிற்று. நல்ல மேலாளர், வேலையை எனக்காக வைத்திருந்தார். வெளியேறும்போது நீடர்லாசுங் கையில் இருந்தவருக்குப் பழைய ஆண்டுகளில் நான்கு வரை கணக்கில் சேரும் என்று ஒரு வழக்கறிஞர் குடியிருப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டிச் சொன்னார். அதனால் 2011-இலேயே மறுபடி கிடைத்தது. இந்த விதி தெரியாமல் மறுபடி ஐந்து ஆண்டு காத்திருப்பவர்களும் இருக்கலாம், அவர்களுக்காகவும் எழுதுகிறேன். அம்மாவோடு இருந்த அந்த 19 நாட்களை எதற்காகவும் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

வடமராட்சி வாசுகி எழுதியது:

அக்கா, அண்ணா சொன்னதோடு இரண்டு விடயங்கள்.

ஐரோப்பிய அனுமதி அட்டை கைக்கு வந்தவுடன் குறிப்புப் பகுதியைப் பாருங்கள். முன்பு ப்ளூ கார்டு வைத்திருந்தவர் என்ற வரி அதில் இருக்கவேண்டும். என் அட்டையில் அதை விட்டுவிட்டார்கள். நான் கவனிக்காமல் பையில் வைத்துவிட்டேன், மூன்று மாதம் கழித்துத்தான் கண்டேன். திருத்தி வாங்க இன்னொரு ஆறு வாரம் போனது. அட்டையை வாங்கிய மேசையிலேயே நின்று படியுங்கள், பின்னால் வரிசையில் யார் நின்றாலும் பரவாயில்லை.

அடுத்தது உங்கள் கணவர். நீங்கள் குடியிருப்புச் சட்டத்தின் 18சி பிரிவின் கீழ், அதாவது ப்ளூ கார்டு வழியாக, நீடர்லாசுங் பெற்றால், உங்களோடு வாழும் கணவருக்கு மூன்று ஆண்டாகக் குடியிருப்பு அனுமதியும் வாரம் 20 மணி நேர வேலையும் இருந்தால் அவரும் நீடர்லாசுங் கேட்கலாம். 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பு அவருக்குத் தேவையில்லை. 2023-இல் இயற்றிய சட்டத்தில் வந்த மாற்றம் இது. பி1-உம் அந்த 33 கேள்வித் தேர்வும் அவருக்கும் வேண்டும். ஆகவே ஐரோப்பிய அனுமதி மட்டும் போதும் என்று நீடர்லாசுங்கை விட்டுவிடாதீர்கள்.

சம்பளமில்லா விடுப்பு ஒரு மாதத்தைத் தாண்டினால் வேலைவழி மருத்துவக் காப்பீடு தொடராது. புறப்பட முன்னர் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசிவிடுங்கள். அப்பா நலமடையவேண்டும்.

காவிரிக்கரையாள் மீண்டும் எழுதியது:

நெல்லைக்காரன் அண்ணா, உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டும்போது வீட்டுச் சாவி என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவர் வாங்கி மீதியைப் படித்தார்.

நேற்று இரண்டு விண்ணப்பப் படிவங்களையும் நிரப்பிவிட்டேன். கெடு நீட்டிப்புக் கடிதத்தைக் கணவரே ஜெர்மனில் எழுதினார். பி1 வகுப்பில் கடிதம் எழுதும் பாடம் நடத்தியதால் அதை நான்தான் எழுதுவேன் என்று அடம் பிடித்தார். மூன்று பிழைகள் இருந்தன, திருத்திவிட்டோம். தஞ்சாவூர் மருத்துவரின் சான்றை மொழிபெயர்க்க, நீதிமன்றத்தில் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். காப்பீட்டு நிறுவனத்திடம் திங்கட்கிழமை பேசுகிறேன். வாசுகி, மிக்க நன்றி.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தின் பதில் எழுத்தில் வந்தவுடன் எடுப்பேன். அப்பாவிடம் பொங்கலுக்கு வருவேன் என்று சொன்னேன். அவர் இடது கையின் விரல்களை மடக்கி மாதங்களை எண்ணிக் காட்டினார், சரியாகவே எண்ணினார்.