பாதத் தொய்வுக்கு அறுவை சிகிச்சை எப்போது? அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கும் என் தம்பிக்கு, ஒரு பெரிய ஒப்பந்த வேலையில் நாள் முழுவதும் குத்தவைத்தே உட்கார்ந்திருந்த பிறகு, வலது பாதத்தை மேலே தூக்க முடியாமல் போய்விட்டது. கால்விரல்கள் தரையில் உரசுவதால் முழங்காலை வழக்கத்தைவிட உயர்த்தி நடக்கிறான். பாதத்தின் மேற்புறம் மரத்திருப்பதால் செருப்பு வார் அழுத்துவதுகூட அவனுக்குத் தெரிவதில்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாக, ஃபிபுலா எலும்பின் (கீழ்க்காலின் வெளிப்புற எலும்பு) கழுத்தைச் சுற்றிச் செல்லும், பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்கும் பெரோனியல் நரம்பு அங்கே தோலுக்கு மிக அருகில் இருப்பதால் எளிதில் அழுத்தப்படும் என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். கீழ்முதுகில் எல்5 நரம்பு வேர் நசுங்கினாலும் பாதம் இப்படித் தொங்கும் என்பதால், பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். அந்த வலு குறையவில்லை என்பதால், சிக்கல் முதுகில் இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். சர்க்கரை நோயோ தொழுநோயோ இல்லை என்றும் உறுதிசெய்தார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் முழங்காலருகே மட்டும் தடை தெரிந்தது.

இப்போது ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் கருவி) அணிந்து பிசியோதெரபி செய்கிறான். சில மாதங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்கிறார்கள். இதே நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு அசைவு திரும்ப எவ்வளவு காலம் ஆயிற்று? நரம்பை நீர்க்கட்டி ஏதேனும் அழுத்துகிறதா என்று அறிய, ஸ்கேன் எடுக்கும்படி இப்போதே கேட்பது நல்லதா? எல்லாவற்றுக்கும் மேலாக, குத்தவைக்காமல் இந்தத் தொழிலைத் தொடர வழி கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அவன் வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது.