‘இம்யூன் செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்’: ப்ராஸ்டேட் புற்றுநோய்க் கையேட்டுக்கு என்ன சொல்?

அன்பின் குழுவினருக்கு,

நோயாளர் கையேட்டில் பெம்ப்ரோலிசுமாப் (இவ்வகைப் புற்றுநோய் ஊசிமருந்து) பற்றிய பக்கம் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. இப்போது புழங்குவன இரண்டு: ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்’, அதைச் சுருக்கி ‘நோயெதிர்ப்புத் தடுப்பான்’. இரண்டாவது ஆபத்தானது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் நோயெதிர்ப்பை அடக்க விழுங்கும் மாத்திரைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இந்த மருந்து செய்வது நேர் எதிரான வேலை.

முதலாவதும் சரியில்லை. புற்றணுவைத் தாக்கும் வெள்ளணு வகையான டி-அணுவின் மேற்பரப்பில் பிடி-1 என்ற ஏற்பி (குறிப்பை வாங்கும் புரதம்) இருக்கிறது. புற்றணு தன் மேலுள்ள பிடி-எல்1 புரதத்தால் அதைப் பற்றினால் டி-அணு செயலிழக்கும். டி-அணுவின் இன்னொரு ஏற்பியான சிடிஎல்ஏ-4 இதற்கு முந்தைய கட்டத்தில், பெரும்பாலும் நிணநீர்க்கணுவில், வேலை செய்கிறது. டி-அணு முடுக்கம் பெற அதன் தூண்டல் ஏற்பியான சிடி28 பற்ற வேண்டிய பி7 மூலக்கூறுகளை இது இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. இரண்டிலும் சோதனை என்று எதுவும் நடப்பதில்லை. வேகம் குறைகிறது, அவ்வளவுதான். எனவே ஏற்பிக்குத் ‘தணிப்பேற்பி’, மருந்துக்குத் ‘தணிப்புநீக்கி’ என்று முன்மொழிகிறேன்.

அன்புடன்,
செ.வ.

---

> ஏற்பிக்குத் ‘தணிப்பேற்பி’

ஐயா, விளக்கம் சரி, சொல்தான் இடறுகிறது. ‘நோய்தணிப்புச் சிகிச்சை’ என்றாலே நம் மருத்துவமனைகளில் கடைசிக்கட்டப் பராமரிப்பு என்றுதான் புரிந்துகொள்வார்கள். எலும்புக்குப் பரவிய நோயோடு வருபவரிடம் ‘தணிப்புநீக்கி தருகிறோம்’ என்றால், வலிமருந்தை நிறுத்தப் போகிறார்கள் என்று கலங்கிவிடுவார். ‘தடையேற்பி’, ‘தடைநீக்கி’ என்று வைக்கலாமே? தடைக்குறிப்பை ஏற்பது தடையேற்பி. அந்தத் தடையை விலக்குவது தடைநீக்கி. ‘ஏற்பி’க்கு இலங்கைப் பாடநூல்கள் ‘வாங்கி’ என்கின்றன. கையேடு அங்கும் போவதால் முதல் முறை வருமிடத்தில் இரண்டையும் தரலாம்.

இன்னொன்று. ‘நோயெதிர்ப்பு ஏற்பிகள்’ என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் தூண்டுவன, தடுப்பன என்று பிரித்திருக்கிறீர்கள். கிருமிக்கூறுகளை உணரும் டோல் வகை ஏற்பிகளை (சுருக்கமாக டிஎல்ஆர்) அப்படிப் பிரிக்க முடியாது. டிஎல்ஆர்9 கிளையணுவில் (டி-அணுவுக்கு எதிரியைக் காட்டும் அணு) இருந்தால் எதிர்ப்பைத் தூண்டும். அதே ஏற்பியை ஆய்வுக்கூடத்தில் ப்ராஸ்டேட் புற்றணுவில் தூண்டியபோது அணுக்கள் சுற்றியுள்ள திசுவை அரித்து ஊடுருவுவது கூடியது. டிஎல்ஆர்3 இன்னும் சிக்கல்: ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் ப்ராஸ்டேட் புற்றணு வகைகளில், எல்என்கேப் அணுக்களில் தூண்டினால் அவை மடிகின்றன, பிசி3 அணுக்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. எந்த அணுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுவதால், பெயரில் விளைவைச் சேர்க்கக் கூடாது. ‘அயற்கூறுணர் ஏற்பி’ என்பதும் முழுப் பொருத்தமில்லை. சிதைந்த நம் சொந்த அணுக்களிலிருந்து கசியும் புரதங்களையும் இவை உணர்கின்றன. குடும்பப் பெயருக்கு ‘வடிவுணர் ஏற்பி’, உட்பிரிவுக்கு ‘டோல் வகை ஏற்பி’ போதும்.

ம.இரா.

---

> ‘தடையேற்பி’, ‘தடைநீக்கி’ என்று வைக்கலாமே?

இதை ஏற்கிறேன். ஆனால் ‘தடைநீக்கி’ என்று தனியே நிற்க விடாதீர்கள். ப்ராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்தவர் அதைப் படித்தால், அடைப்பைத் திறக்கும் மருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார். எல்லா இடத்திலும் ‘நோயெதிர்ப்புத் தடைநீக்கி’ என முழுதாக வரட்டும். வெறும் ‘ஏற்பி’ என்று எழுதுவதும் வேண்டாம். இந்த நோயில் அது ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி என்றே படும்.

பெயர் நம்பிக்கையூட்டுவதாக இருப்பதால் அடுத்த பத்தியிலேயே அளவையும் சொல்லியாக வேண்டும். ப்ராஸ்டேட் கட்டிக்குள் டி-அணுக்கள் குறைவு, மரபணுப் பிறழ்வுகளும் குறைவு. தாக்க ஆளில்லாத இடத்தில் தடையை நீக்கி என்ன பயன்? கீநோட்-199 ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களில் கட்டி சுருங்கியது 100-க்கு 3 முதல் 5 பேருக்கே. டிஎன்ஏ பிழைதிருத்தம் பழுதான கட்டிகளில் பலன் கூடுதல். ஆனால் ப்ராஸ்டேட் புற்றுநோயில் அவை 100-க்கு 3 அளவில்தான். ஆகவே ‘இந்த ஊசி எனக்கா?’ என்ற கேள்விக்கு முதல் பதில், கட்டித்திசுவில் அந்தப் பழுதுக்கான சோதனை செய்தாயிற்றா என்பதே.

சிபுலூசெல்-டி-யை இதே தலைப்பில் போட்டிருப்பது தவறு. அது தடைநீக்கி அன்று. நோயாளியின் வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ப்ராஸ்டேட் அமிலப் பாஸ்பட்டேசுடன் (ப்ராஸ்டேட் அணுக்களின் நொதி) இணைத்த புரதத்தால் வெளியே பழக்கி, ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை ஏற்றுவது. 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆய்வில் இடைநிலை ஆயுள் இது பெறாதவர்களுக்கு 21.7 மாதம், பெற்றவர்களுக்கு 25.8. நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ புரத அளவு பெரும்பாலும் இறங்காது. இதை எழுதாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்துவிடுவார்கள். இதற்குப் ‘பயிற்றிய அணுத் தடுப்பூசி’ என்று தனித் தலைப்பு கொடுங்கள்.

பக்கவிளைவுப் பகுதிக்கு என் வரைவு:

“நோயெதிர்ப்புத் தடைநீக்கி உங்கள் வெள்ளணுக்களின் மீதுள்ள தடையை நீக்குகிறது. அவை குடல், நுரையீரல், தைராய்டு போன்ற நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனாலும், புதிதாக மூச்சிரைத்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிவைக்காதீர்கள். ஊசி நின்று பல மாதம் ஆன பிறகும் இது வரலாம். ஸ்டீராய்டு கொடுத்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.”

‘வெள்ளணு’ என்பதை ‘டி-அணு’ ஆக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

க.